ஜாஸ் படம் பார்ப்பது எப்படி: நாயனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு

நம்மூர் நூலகத்தில், சமையல் டிவிடிகளுக்கும் மலாய் நாடகங்களுக்கும் பக்கத்தில், ஒரு தட்டு நிறைய ஜாஸ் என்கிற அமெரிக்க இசையைப் பற்றிய படங்கள் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. பாதி கச்சேரிப் படங்கள், பாதி ஆவணப்படங்கள். ஒன்றை எடுத்துப் போய்ப் பார்த்த தம்பி ஒருவன், "என்னண்ணே, ஆளுக்கொன்று வாசிக்கிறான், தலையும் புரியல வாலும் புரியல" என்று ஒட்டுக்கடையில் அலுத்துக்கொண்டான். அவனுக்காகத்தான் இது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாயனமும் தவிலும் கேட்டு வளர்ந்த காதுக்கு ஜாஸ் ரொம்பத் தூரத்துச் சொந்தம் இல்லை. நுழைகிற வாசல்தான் தெரிய வேண்டும்.

முதலில் வட்டு ஓடுமா என்று பாருங்கள். டிவிடி உறையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும். மலேசியாவுக்கு 3, அமெரிக்காவுக்கு 1. எண் 1 என்று இருந்தால் எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பெட்ரோல் செலவுதான் மிச்சம் (எனக்கு அப்படித்தான் ஆனது, அதுவும் சனிக்கிழமை ராத்திரி, கச்சான் எல்லாம் வறுத்து வைத்துவிட்டு). 0 என்றால் கவலை இல்லை. புளூ ரேயில் அமெரிக்காவும் நாமும் ஒரே 'ஏ' மண்டலம், அதனால் இரண்டும் இருந்தால் புளூ ரேயை எடுங்கள்.

அடுத்து சத்தம். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் டபுள் பேஸ் (நின்றுகொண்டு வாசிக்கிற, அடித்தொனி தருகிற பெரிய தந்தி வாத்தியம்) கேட்காது, தகரக் கூரையில் மழை அடித்தால் சுத்தமாகக் கேட்காது. அந்தப் பேஸ்தான் இங்கே தாளத்தைத் தாங்குகிற ஆள். பழைய ஹைஃபை செட் இருந்தால் அதில் மாட்டுங்கள், இல்லையா, காதில் மாட்டுகிற ஹெட்போன் போதும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? வாழ்க்கை வரலாற்றுப் படங்களைத் தொடாதீர்கள், இப்போதைக்கு. யார் குடித்தார், யார் எப்படிச் செத்தார் என்று தெரிந்துவிடும், பாட்டு மட்டும் தெரியாது. கச்சேரிப் படத்தை எடுங்கள். 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' இருக்கிறதா பாருங்கள். 1958இல் அமெரிக்காவின் நியூபோர்ட் விழாவில் பெர்ட் ஸ்டெர்ன் என்ற புகைப்படக்காரர் எடுத்தது. வண்ணம், வெயில், தொப்பி, ஐஸ்கிரீம் தின்கிற ஜனங்கள், எல்லாம் இருக்கும். அதில் தெலோனியஸ் மாங்க் பியானோவில் 'புளூ மாங்க்' வாசிக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள், பாடம் அங்கேதான்.

விரலை விட்டு எண்ணுங்கள். தாளத்தை அவர்கள் 'பார்' என்று துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை, ஒரு சுற்றுக்கு 12 பார், ஆக 48. நம் ஆதி தாளத்துக்கு எட்டு என்றால் சரியாக ஆறு ஆவர்த்தனம். முதலில் மெட்டை வாசிப்பார்கள், அப்புறம் அதே 48க்குள் ஒவ்வொருவராகக் கற்பனையாக வாசிப்பார்கள், கடைசியில் மெட்டுக்கே திரும்பி வந்து சேர்வார்கள். பல்லவியை எடுத்து, விரித்து, எடுப்புக்கு வந்து விழுகிற மாதிரிதான். தம்பி "ஆளுக்கொன்று" என்று சொன்னது பாதி சரி, ஆனால் எல்லோரும் ஒரே கணக்குக்குள் நிற்கிறார்கள். ஒரே ஒரு தடுமாற்றம் வரும்: நம் கை ஒன்றில் தட்டும், ஜாஸில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும். பிடிவாதமாக அதில் தட்டிப் பழகுங்கள், மூன்று நாளில் தொடை தானாகவே ஆடும். படம் பாதியில் மாங்கை விட்டுவிட்டுப் பாய்மரப் படகுகளைக் காட்டப் போய்விடும். எனக்கு எரிச்சல்தான், ஆனால் எண்ணுகிறவனுக்கு வசதி, பார்க்க விரல் இல்லை, கேட்க மட்டும்தான் இருக்கிறது.

டிரம்ஸும் மற்றவர்களும் நான்கு நான்கு பாராக மாறி மாறிப் பேசிக்கொள்கிற இடம் பல கச்சேரிகளில் வரும். இரண்டு தவில்காரர்கள் 'நீ என்ன சொல்ற பார்ப்போம்' என்று நிற்பார்களே, அதே கதை. அதற்கு விளக்கம் வேண்டாம்.

48 கைக்கு வந்துவிட்டதா? அடுத்து 1957 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாகப் போன 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்'. அதில் பில்லி ஹாலிடே 'ஃபைன் அண்ட் மெலோ' பாடுகிறார். அதுவும் 12 பார்தான். நடுவில் லெஸ்டர் யங் எழுந்து ஒரே ஒரு சுற்று சாக்ஸபோன் வாசிப்பார். கத்ரி கோபால்நாத்தின் வேகமான சாக்ஸபோனை 'டூயட்' படத்தில் கேட்டு அதுதான் சாக்ஸபோன் என்றிருந்தவன் நான். இவர் 48 எண்ணிக்கையில் ஒரு கை அளவுக்குத்தான் சுரம் போடுகிறார், அவ்வளவும் மெதுவாக. அப்போது லெஸ்டரைப் பார்க்காதீர்கள், பில்லியின் முகத்தைப் பாருங்கள். இரண்டு பேரும் 1959இல், சில மாத இடைவெளியில், போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இந்த இடத்தை எத்தனை தடவை திருப்பிப் போட்டேன் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு மேல் ஆவணப்படங்கள். 'எ கிரேட் டே இன் ஹார்லம்' எடுங்கள், 1958இல் ஒரு காலை நேரத்தில் நியூயார்க் தெருவில் 57 இசைக்கலைஞர்கள் நின்று எடுத்த ஒரே ஒரு போட்டோவைப் பற்றியது, துரை பங்களா முன்னால் கிராணியும் கங்காணியும் நிற்கிற நம் பழைய குரூப் போட்டோவை வைத்து ஒவ்வொரு முகமாகக் கதை சொல்கிற மாதிரி. மாங்கைப் பிடித்துப்போனால் 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்' இருக்கிறது, மேடையில் எழுந்து அவர் நின்ற இடத்திலேயே சுற்றுவதைப் பார்க்கலாம்.

கென் பர்ன்ஸின் 'ஜாஸ்' தொடரைக் கடைசியில் வையுங்கள். 2001இல் வந்தது, 10 பகுதி, ஏறக்குறைய 19 மணி நேரம். ஒரே மூச்சில் வேண்டாம், ஒரு பகுதி பார்த்துவிட்டு அதில் பேர் சொன்னவரின் கச்சேரியைத் தேடிப் போங்கள். பெட்டியை வாங்கும்போது கவுண்டரிலேயே திறந்து வட்டுகளை எண்ணிவிடுங்கள். எனக்குக் கிடைத்த ஒரு பெட்டியில் நான்காவது இடத்தில் யாரோ வீட்டுப் பிள்ளையின் கார்ட்டூன் வட்டு இருந்தது.