காக்கி போடாத போலீஸ்: தெருவோர மனநல உதவிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கந்தல் துணியோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்தால் முன்பெல்லாம் 100-க்குத்தான் போன் போகும். இப்போது பல இடங்களில் தகவல் முதலில் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. நல்லதுதான். ஆனால் புதிதாக வரும் பிள்ளைகள், போலீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு போலீஸ் செய்வதையே செய்கிறார்கள். சுற்றி வளைப்பது, பிடிப்பது, வண்டியில் ஏற்றுவது. நாங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தோம் என்பதால் பார்க்கச் சகிக்கவில்லை. "பைத்தியம் என்று சொல்லாதே", "அடிக்காதே" என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கூட்டமாகப் போய் இறங்குவது

அமெரிக்காவில் யூஜீன் என்ற ஊரில் 1989 முதல் 2025 வரை காஹூட்ஸ் என்ற குழு இந்த மாதிரி அழைப்புகளுக்குப் போலீசுக்குப் பதிலாகப் போய்வந்தது. வண்டிக்கு இரண்டே பேர். ஒருவர் மருத்துவம் தெரிந்தவர், இன்னொருவர் நெருக்கடியில் இருப்பவரிடம் பேசப் பழகியவர். நம் ஆட்கள் ஆறேழு பேர் ஒரே நிற டி-ஷர்ட்டில் போய் நிற்கிறார்கள். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று பல மாதமாகப் பயந்து கிடக்கிறவருக்கு அது எப்படி இருக்கும்?

ஒருவர் மட்டும் கிட்டே போங்கள். நேர் எதிரே நிற்காமல், பக்கவாட்டில், நாலடி தள்ளித் தரையில் உட்காருங்கள். தெருவில் இருப்பவர் பெண் என்றால் போகிறவரும் பெண்ணாக இருக்கட்டும். முதல் நாள் ஒரு டீயோடு முடிந்துவிடலாம். முடியட்டும், நாளைக்குப் போகலாம்.

டீ வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் இறக்குவது

செய்யாதீர்கள். அதற்கப்புறம் எவர் கையிலும் அவர் டீ வாங்க மாட்டார்.

மூட்டையைக் குப்பையில் போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ஆள் வரச் சம்மதித்துவிட்டார். அடுத்த அரைமணியில் ரோட்டோரத்திலேயே மொட்டை, குளியல், புதுக் கைலி. பழைய சட்டையும் சாக்குமூட்டையும் குப்பைத்தொட்டிக்கு. நாற்றம், பேன், மூத்திர வாடை எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் கேட்டால் சிரிக்கிற, ஊர் கேட்டால் வானத்தைக் காட்டுகிற ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிய வரக்கூடியது அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது. மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஓ.பி. சீட்டு, வெளிமாநில பஸ் டிக்கெட், போன் நம்பர் கிறுக்கிய சிகரெட் அட்டை, பின்புறம் கோயில் பெயர் அச்சிட்ட சாமி படம்.

சட்டையை எறியவே கூடாது. தைத்த சட்டை என்றால் காலருக்கு உள்ளே டெய்லர் லேபிள் இருக்கும். கடைப் பெயருக்குக் கீழே பெரும்பாலும் ஊர்ப் பெயரும் இருக்கும். வாயே திறக்காத ஒருவரின் லேபிளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, செல்போன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினோம். தெலுங்கு. ஓங்கோல் பக்கம் ஒரு சின்ன ஊர். மொழி தெரிந்த நண்பர் அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் பேசினார். அவர்கள் போட்டோவைக் கொண்டுபோய் டெய்லரிடம் காட்ட, அவர் ஆளை அடையாளம் சொல்லிவிட்டார். சாயங்காலமே தம்பி லைனில் வந்தார்.

இன்னொருவருடைய மூட்டையை ஒரு புதுக்குழு தொட்டியில் போட்டது. நாங்கள் போவதற்குள் மாநகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போய்விட்டது. அதில் என்ன இருந்தது என்று ஒருவர்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. கேட்டால், "சார், ஒரே குப்பை சார்" என்றார்கள். அந்த மனிதர் இன்னும் ஒரு காப்பகத்தில்தான் இருக்கிறார், அங்கே வைத்த பெயரோடு.

மூட்டை ஆளோடு போக வேண்டும். பிரிப்பதென்றால் அவர் கண்ணெதிரே, அவரைக் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். பெரிய பாலிதீன் பையில் கட்டி, தேதியும் கிடைத்த இடமும் எழுதி ஒட்டுங்கள். வார்டில் வாங்க மாட்டேன் என்பார்கள். சரி, நீங்களே வைத்திருங்கள். தலைமுடி விஷயமும் இதேதான். உள்ளே புண் இருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும், அதை ஆஸ்பத்திரியில் செய்யட்டும். மற்றபடி அது அவர் தலை.

வீடியோ

வேண்டாம். குணமான பிறகு அவர் மகளும் அதைப் பார்ப்பாள்.

ஜன்னியை மனநோய் என்று நினைப்பது

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு, இன்னைக்குத்தான் உளர்றாரு" என்று டீக்கடைக்காரர் சொன்னால் மனநல மருத்துவமனைக்கு ஓடாதீர்கள். கடும் காய்ச்சல், தலையில் அடி, சர்க்கரை இறங்கியது, குடியைத் திடீரென நிறுத்தியதால் வரும் நடுக்கமும் பிதற்றலும், இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். நான்குமே ஆளைக் கொல்லக்கூடியவை. நெற்றி சுடுகிறதா, தலையில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். 108-ஐக் கூப்பிட்டு முதலில் அரசுப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காலில் புழு வைத்த புண் இருந்தாலும் அப்படித்தான்.

14416-ஐ அழைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருப்பது

14416 என்பது டெலிமானஸ், மனநலத்துக்குப் போனில் ஆலோசனை சொல்லும் அரசுச் சேவை. என்ன பேசுவது, எங்கே கூட்டிப்போவது என்று கேளுங்கள். வண்டிக்கு 108.

தெருவில் படுத்திருந்தாலே நோயாளி என்று முடிவு கட்டுவது

நிறையப் பேருக்கு இல்லாதது வாடகைக் காசுதான். மாநகராட்சிக் காப்பகம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். போவதும் போகாததும் அவர் இஷ்டம்.

ஸ்டேஷன் பக்கமே போகமாட்டேன் என்பது

போலீஸ் முதலில் போகக்கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆவது பிரிவில் அவர்களுக்கும் வேலை கொடுத்திருக்கிறது. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவர் என்று தெரிந்தால், பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பில் வைக்கக்கூடாது. இதற்கு முன்பிருந்த 1987 மனநலச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்போது அது இல்லை, நேராக ஆஸ்பத்திரிதான். வீடற்றவர் என்றால் காணாமல்போனவர் என எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் ஸ்டேஷன் பொறுப்பு. "ஆஸ்பத்திரியில சேத்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு எஃப்.ஐ.ஆர்?" என்று கேட்பார்கள். அந்தப் பிரிவை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். மேலே சொன்ன லேபிளும் டிக்கெட்டும் அந்த எஃப்.ஐ.ஆரில் ஏற வேண்டும்.

கையில் கத்தி இருந்தாலோ, ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே புகுந்தாலோ யோசிக்க வேண்டாம், 100-தான். சைரன் இல்லாமல், முடிந்தால் மப்டியில் வரச் சொல்லிக் கேளுங்கள்.

ஊருக்கு ரயிலேற்றிவிட்டு மறந்துவிடுவது

கையில் இருக்கிற மாத்திரை எத்தனை நாளைக்கு வரும் என்று முதலில் எண்ணுங்கள். அவருடைய ஊரில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை, எந்த அரசு மருத்துவமனையில் உட்காருகிறார் என்று விசாரித்து டிஸ்சார்ஜ் சீட்டின் பின்னாலேயே எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போன் போட்டால் அண்ணன் "அனுப்பி வைங்க சார்" என்று உடனே சொல்லிவிடுவார். அண்ணி லைனுக்கு வரவே மாட்டார். சோறு போட்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போவது அவர்தான். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள். முதல் ஒரு மாதம் வாரா வாரம் போன் போடுங்கள், அதுவும் அண்ணிக்கே.