டெட்ராய்ட் ஏன் தேய்ந்தது: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட் தேய்ந்த கதையைப் பலரும் 1967 ஜூலை இனக் கலவரத்தில்தான் தொடங்குகிறார்கள். முதல் சறுக்கலே அங்குதான். 43 உயிர்களைப் பறித்த கலவரம் அது. நகரத்துக்குப் பெரிய அடிதான். ஆனால் 1950இல் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1960இலேயே 16.7 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. பேக்கார்டு என்ற கார் நிறுவனம் அங்கே கார் தயாரிப்பதை 1956இலேயே நிறுத்திவிட்டது. ஜப்பான் கார்கள்மேல் பழி போடுவதும் இதே ரகம்; அவை சந்தையைப் பிடித்தது 1970களில். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் பக்கத்திலேயே ஆண்டையும் எழுதிப் பாருங்கள். பாதிக் காரணங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

1950களில் நடந்தது வேறு. பழைய கார் ஆலைகள் பல மாடிக் கட்டடங்கள். புதிய இயந்திர வரிசைக்கு ஒரே தளத்தில் நீண்ட இடம் வேண்டும். அந்த அளவு காலி நிலம் புறநகரில்தான் கிடைத்தது. அதே வேளையில் இயந்திரங்கள் ஆட்களையும் குறைத்தன. இந்த இரண்டாவதை மறப்பவர்கள் "ஆலை மூடியது, ஊர் அழிந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். இண்டியானா மாநிலத்தின் கேரி நகரைப் பாருங்கள். எஃகு ஆலை மூடவே இல்லை. ஆனாலும் 1960இல் 1.78 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020இல் 69,000.

"வெள்ளையர்கள் வெளியேறினார்கள்" என்பது பொய்யல்ல, அரைகுறை. யாருக்கு வீட்டுக் கடன் கிடைத்தது என்று கேட்காமல் அந்த வரியை எழுதக் கூடாது. டெட்ராய்ட்டின் வடக்கு எல்லையான எட்டாம் மைல் சாலைக்கு அருகே 1941இல் எழுந்த கான்கிரீட் சுவர் இன்றும் நிற்கிறது: ஆறடி உயரம், அரை மைல் நீளம். கறுப்பின மக்கள் வாழும் பகுதியை ஒட்டிய மனைகளுக்குக் கடன் உத்தரவாதம் தர மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம் மறுத்தது. மனை விற்பவர் நடுவே சுவர் எழுப்பினார், உத்தரவாதம் வந்தது. அடுத்த வீட்டுக்காரரின் வெறுப்பு மட்டுமல்ல, அரசின் கடன் விதியும் எல்லை போட்டது.

நகரம் ஏழை, புறநகர் பணக்காரர் என்ற பிரிவும் ஏமாற்றும். டெட்ராய்ட்டுக்கு நடுவே தனி நகராட்சியாக இருக்கும் ஹைலேண்ட் பார்க், ஃபோர்டு 1913இல் நகரும் அசெம்பிளி லைனை ஓடவிட்ட ஊர். 1930இல் 53,000 பேர், 2020இல் 9,000கூட இல்லை. வரி வருமானம் வற்றிப்போய் மின்கட்டணப் பாக்கி ஏறியபோது, 2011இல் தெருவிளக்குகளை அணைத்ததோடு நிற்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குக் கம்பங்களையே மின் நிறுவனத்தார் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.