நாக் குழு வரும் முன் பழைய கட்டடத்தில் செய்யும் தவறுகள்

கோவையில் வயதான கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அரசு கலைக் கல்லூரியின் தொடக்கம் 1852. வேளாண் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து 1906-ல் இங்கே வந்தது. அந்தக் காலத்துக் கட்டடங்கள் வெயிலையும் ஆடிக் காற்றையும் தாங்கிவிடும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் நாக் (NAAC) குழு வருவதற்கு முந்தைய மூன்று மாதங்களைத் தாங்குவதுதான் கஷ்டம்.

அந்த அவசரத்தில் முதலில் நடப்பது சிமெண்ட் பூச்சு. மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே 1930-களில்தான். அதற்கு முந்தைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் உள்ளேயே தங்கி, அதோடு வந்த உப்பு செங்கலுக்குள் படிகமாகி, செங்கலின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி சிமெண்ட் அப்புவார்கள்! பிளாஸ்டிக் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்யும். சுவரைச் சுற்றி நெருக்கமாகக் கான்கிரீட் தளம் போட்டால், மண் வழியே போக வேண்டிய ஈரமும் சுவரில்தான் ஏறும். ஒரு வளாகத்தில் வயதான கொத்தனார் ஒருவர், "இதுக்குச் சிமெண்ட்டு ஆகாதுங்க" என்று சொல்லிப் பார்த்தார். டெண்டரில் சுண்ணாம்பு இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

செங்கலைப் புதுசாகக் காட்ட மணல் பீய்ச்சித் தேய்ப்பதும் ஆசிட் ஊற்றிக் கழுவுவதும் அடுத்த கொடுமை. சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விட்டால் திரும்ப வராது.

மரச் சட்டங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகினால் அதன் மேலேயே இன்னொரு அடுக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். அத்தனை பாரத்தையும் சுமப்பது கீழே இருக்கும் மரச் சட்டங்கள். அவை சுவருக்குள் நுழையும் முனையில்தான் முதலில் உளுக்கும், வெளியே தெரியாது. பாதிக் கேஸ்களில் உண்மையான குற்றவாளி அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய்தான். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசஞ்செடியை வெட்டிவிட்டு வேரை விட்டால், அடுத்த மழையில் இரண்டாகத் துளிர்க்கும். பிடுங்கினால் செங்கலும் கூடவே வரும். செடி சின்னதாக இருக்கும்போதே வேரைச் சாகடிக்க வேண்டும்.

விரிசலைப் பார்த்ததும் அடைக்காதீர்கள். கீழே இருக்கும் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், சுவரும் கூடவே அசையும். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு வருடம் பார்த்தால்தான் அது பழைய காயமா, இன்னும் நகர்கிறதா என்பது தெரியும்.

சரி, ஆவணப்படுத்துதல். முகப்பைப் பத்துக் கோணத்தில் படம் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். ட்ரோன் வந்தபின் இது இன்னும் மோசம். மாடிப்படியின் அடிப்பக்கம், கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, கழிவறைக்குப் பின்சுவர் இதையெல்லாம் யாரும் எடுப்பதில்லை. முதலில் மாற்றப்படுவதோ அவைதான். படத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். எந்த அறை, எந்தத் திசைச் சுவர், எந்தத் தேதி என்று கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். ஐப்பசி மழை கொட்டும்போது ஒருமுறை குடையோடு போய் எடுங்கள், தண்ணீர் போகும் வழி அப்போதுதான் பிடிபடும். பழைய வரைபடம் கிடைத்தால் அதை அப்படியே நம்பாமல் டேப் பிடித்து அளந்து சரிபாருங்கள். வரைந்தபடியே கட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அப்புறம், பழுதுபார்த்த கணக்கு. எந்த வருடம் எந்தச் சுவரில் என்ன பூசினார்கள் என்பது ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியனுக்கோ வாட்ச்மேனுக்கோதான் நினைவிருக்கும். உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கேட்டுப் பதிவு செய்யுங்கள். பெயர்த்தெடுத்த ஓடு, காரைத் துண்டு ஒவ்வொன்றிலும் ஒன்றைச் சீட்டு ஒட்டி எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் துறைத்தலைவரின் பென்டிரைவில் மட்டும் வைக்காமல், நூலகத்தில் ஒரு பிரதி, பொறியாளர் அறையில் அச்சிட்ட ஒரு பிரதி. அடுத்த டெண்டர் எழுதுகிறவர் முதலில் திறப்பது அந்த அறை அலமாரியைத்தான்.