திரையில் படம் குதிக்கிறதா? 35 மி.மீ. புரொஜெக்டரில் முதலில் கேட்டைத் திறந்து பாருங்கள்

மூன்று வாரமாக எங்கள் புரொஜெக்டரில் படம் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. எழுத்து ஓடும் காட்சிகளில்தான் அது நன்றாகத் தெரியும். டைட்டிலில் பெயர்கள் நிற்காமல் துடித்தால் பார்க்கிறவர்களுக்குக் கண் வலிக்கும். மால்டீஸ் கிராஸ் (பிலிமைப் பிரேம் பிரேமாக விட்டு விட்டு நகர்த்தும் சிலுவை வடிவப் பாகம்) தேய்ந்துவிட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றுதான் வந்து பார்த்த எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் கோளாறு கேட்டில், அதாவது விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே பிலிம் நின்று போகும் இடத்தில் இருந்தது. அரிசியில் பாதி அளவுகூட வராத ஒரு படிவு. அதைக் கண்டுபிடித்த விதத்தையும், அதோடு சேர்த்து நான் வழக்கமாகச் செய்யும் பராமரிப்பையும் எழுதுகிறேன். பிலிம் மாட்டவும் லூப் விடவும் (கேட்டுக்கு மேலும் கீழும் பிலிமைத் தளர்வாக வளைத்து விடவும்) உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எது குதிக்கிறது?

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் மெஷினை ஓடவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். திரையின் ஓரத்துக் கறுப்புத் துணியைக் கொஞ்சம் ஒதுக்கினால், அபெர்ச்சர் பிளேட்டின் (கேட்டில் படத்தின் அளவுக்குத் துளை வெட்டிய தகடு) விளிம்பு விழும் இடம் தெரியும். விளிம்பும் படமும் சேர்ந்து ஆடினால் லென்ஸ் தளர்ந்திருக்கிறது, அல்லது மெஷினின் பீடமே ஆடுகிறது. விளிம்பு அசையாமல் இருக்க, படம் மட்டும் குதித்தால் பிலிம் கேட்டில் சரியாக நிற்கவில்லை.

அடுத்து, குதிப்பின் தாளத்தைப் பாருங்கள். கேட்டுக்குக் கீழே பிலிமை விட்டு விட்டு இழுக்கும் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்துக்கு 16 பற்கள். பிலிமின் ஓரத்தில் ஒரு பிரேமுக்கு 4 துளை என்பதால் ஒரு சுற்றுக்கு 4 பிரேம் நகரும். விநாடிக்கு 24 பிரேம் ஓடும்போது அது விநாடிக்கு 6 சுற்று சுற்றுகிறது. ஆகவே அந்த ஸ்ப்ராக்கெட்டில் கோளாறு என்றால் விநாடிக்கு 6 முறை, மாறாத நடுக்கமாகத் தெரியும். கேட்டில் கோளாறு என்றால் தாளமே இருக்காது. கொஞ்ச நேரம் நிற்கும், திடீரென்று குதிக்கும், மறுபடி நிற்கும். கண்ணால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். சீரான நடுக்கமா, தாறுமாறான குதிப்பா என்று தெரிந்தால் போதும்.

வேறொரு பிரிண்டையும் (படத்தின் பிலிம் பிரதி) ஒரு ரீல் ஓட்டிப் பாருங்கள். அதில் படம் நின்றால் உங்கள் மெஷின் மேல் குற்றமில்லை, முதல் பிரிண்ட்தான் சரியில்லை.

எங்களுக்குத் தாறுமாறாகத்தான் குதித்தது. அப்போதே கேட்டைத் திறந்திருக்க வேண்டும்.

படி 2: கேட்டைச் சுத்தம் செய்வது

மின்சாரத்தை நிறுத்துங்கள். விளக்கு ஆறட்டும். கேட்டைத் திறந்து, கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றி வெள்ளைத் துணி மேல் வரிசையாக வையுங்கள்.

பிலிமின் இரண்டு ஓரமும் உரசி ஓடுகிற பட்டைகளை ரன்னர் என்போம். கோளாறு ஒளிந்திருப்பது அங்கேதான். பார்வைக்கு ரன்னர் பளபளவென்று இருக்கும். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. ரன்னரோடு ஒட்டினாற்போல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தை நீளவாக்கில் ஓடவிடுங்கள். அப்படிப் பார்த்தபோதுதான் வலப்பக்க ரன்னரின் மேல்முனையில், காய்ந்த கோந்துச் சொட்டு மாதிரி, தேன் நிறத்தில் ஒன்று தெரிந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. கண்ணாடிபோல் இறுகியிருந்தது.

லேபிலிருந்து வந்து அதிகம் ஓடாத புதுப் பிரிண்டில் எமல்ஷன் (பிலிமில் படம் பதிந்திருக்கும் பூச்சு) இன்னும் முழுதாக இறுகியிருக்காது. சூட்டிலும் உரசலிலும் அது துளித்துளியாகக் கழன்று ரன்னரில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் அடுத்து வருவதும் சேரும். பிலிம் அந்த மேட்டில் ஏறும்போது ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், படம் குதிக்கும். அப்படியே விட்டால் துளைகளின் ஓரமும் கிழியும்.

நான் தடுமாறியது இதற்கு அடுத்த வேலையில்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து அரைமணி நேரம் தேய்த்தேன். சுற்றியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு போனது, அந்தச் சொட்டு அசையவே இல்லை. எமல்ஷனைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். ஜெலட்டின் ஆல்கஹாலில் கரையாது, தண்ணீரில்தான் ஊறும். இது தெரிந்த பிறகு வேலை சுலபம். ஒரு சின்னத் துணித்துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, படிவின் மேல் சில நிமிடம் வைத்தேன். அது இளகி வெண்மையானது. மூங்கில் குச்சியால் ஒரு தள்ளு, மொத்தமாகப் பெயர்ந்து வந்துவிட்டது. வேலை முடிந்ததும் உடனே உலர்ந்த துணியால் துடைத்து, அதன் பிறகு ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். தண்ணீர் தங்கினால் எஃகு துருப்பிடிக்கும்.

பிளேடு, கத்தி, திருப்புளி முனை எதையும் ரன்னரில் வைக்காதீர்கள். நீங்கள் போடும் ஒரு கீறல், அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு அடி பிலிமையும் கீறும். பித்தளைச் சுரண்டி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எனக்கு மூங்கில்தான் பிடிக்கும், தேய்ந்தால் மறுபடி சீவிக்கொள்ளலாம். காதுக் குச்சி வேண்டவே வேண்டாம். அதன் பஞ்சிழை அபெர்ச்சர் ஓரத்தில் சிக்கினால் திரையில் கயிறுபோலத் தொங்கும்.

படி 3: அழுத்தம்

கேட்டில் பிலிமை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை, படம் குதிக்கிறது என்றதும் எல்லாரும் முறுக்கிவிடுவார்கள். நானும் அந்த மூன்று வாரத்தில் முறுக்கினேன். படம் கொஞ்சம் நின்றது, ஆனால் கேட்டிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. துளைகளை ஸ்ப்ராக்கெட் பற்கள் இடிக்கிற சத்தம் அது.

சுத்தம் செய்த பிறகு இப்படிச் செய்யுங்கள். தேவையில்லாத பழைய பிலிம் துண்டு ஒன்றை லூப்பாக ஒட்டி ஓட்டுங்கள். படம் ஆடத் தொடங்கும் வரை அழுத்தத்தைக் குறையுங்கள். பிறகு படம் நிற்கும் வரை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். படம் நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

படி 4: பற்கள், எண்ணெய், லென்ஸ்

எல்லா ஸ்ப்ராக்கெட்டையும் பல் துலக்கும் பிரஷால், பல்லின் அடிவரை துலக்குங்கள். மோட்டாரை ஓடவிட்டுத் துலக்கக் கூடாது, கைச்சக்கரத்தைத் திருப்பித்தான் செய்ய வேண்டும். பூதக்கண்ணாடியில் பற்களைப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தால் அந்த ஸ்ப்ராக்கெட்டின் காலம் முடிந்தது.

மால்டீஸ் கிராஸ் எண்ணெயில் முழுகியபடி ஓடுவது. பக்கத்துக் கண்ணாடிச் சில்லில் எண்ணெய் அளவு தெரியும். மெஷினைத் தயாரித்தவர் சொன்ன எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள், குறியைத் தாண்டாதீர்கள். கூடினால் கசிந்து பிலிமில் ஏறும், அதில் தூசு ஒட்டும்.

லென்ஸுக்கு முதலில் ரப்பர் ஊதியால் காற்று, பிறகுதான் துணி. டப்பாவில் அடைத்து வரும் காற்றை நான் பயன்படுத்துவதில்லை. அது தூசியைச் சவுண்ட் ஹெட்டுக்குள் (ஒலி படிக்கும் பாகம்) தள்ளிவிடுகிறது.

படி 5: மாட்டிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்

பிலிமை மாட்டியதும் மோட்டாரைப் போடாமல், கைச்சக்கரத்தால் சில சுற்று சுற்றுங்கள். லூப் இரண்டும் எதிலும் உரசக் கூடாது. கேட்டுக்கும் ஒலி படிக்கும் இடத்துக்கும் இடையே சுமார் 20 பிரேம் இருக்க வேண்டும். கீழ் லூப் பெரிதானாலும் சிறிதானாலும் உதட்டசைவும் குரலும் பொருந்தாது.

பாலியெஸ்டர் பிரிண்ட் என்றால், பிலிம் சிக்கினால் மெஷினை நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று தினமும் பாருங்கள். பழைய அசிடேட் பிலிம் சிக்கினால் அறுந்துவிடும். பாலியெஸ்டர் அறுபடாது. அது இழுக்கிற இழுப்பில் ரோலரும் தண்டும் வளையும்.

செனான் விளக்கு

இதைப் புதியவர்கள் தனியாகத் தொட வேண்டாம். விளக்கு ஆறிய நிலையிலும் உள்ளே வாயு பல மடங்கு அழுத்தத்தில்தான் இருக்கும், வெடித்தால் குவார்ட்ஸ் சில்லுகள் முகத்தில் பாயும். முகக்கவசம், கனத்த கையுறை, தடித்த மேலங்கி மூன்றும் இல்லாமல் விளக்குப் பெட்டியின் கதவைத் திறக்காதீர்கள். குவார்ட்ஸில் விரல் படக் கூடாது. விரலின் பிசுக்கு பட்ட இடம் சூட்டில் வெந்து பலவீனமாகும். காட்சி முடிந்ததும் விசிறியை உடனே நிறுத்தாமல், குறைந்தது பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எரிந்த மணி நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தயாரித்தவர் சொன்ன கணக்கு முடிந்ததும், இன்னும் நன்றாக எரிகிறதே என்று பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: கேட்டைச் சுத்தம் செய்தும் சீரான நடுக்கம் போகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஸ்ப்ராக்கெட் தண்டைச் சந்தேகிக்கும் முன் அந்த 16 பற்களின் அடியையும் மறுபடி பார்க்கச் சொன்னேன். இரண்டு பற்களுக்கு நடுவே இதே எமல்ஷன் இறுகியிருந்தது. ஒரே இடத்தில் அழுக்கு இருந்தாலும் சுற்றுக்கு ஒருமுறை பிலிமைத் தூக்கும், விநாடிக்கு 6 என்ற அதே தாளம்தான் வரும். இதற்கும் ஈரத்துணியும் மூங்கிலும்தான்.

பின்சேர்க்கை 2: பச்சைக் கோடு விழுகிறது, கேட்டுதான் காரணமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கலர் பிரிண்டில் மேலே இருப்பது மெஜந்தா அடுக்கு. அது மட்டும் உரிந்தால் பச்சை தெரியும், இன்னும் ஆழமாகப் போனால் மஞ்சள், எல்லாம் போனால் வெள்ளை. கறுப்புக் கோடு என்றால் கீறல் பின்பக்கத்தில். ஆக உங்களுடையது எமல்ஷன் பக்கத்துக் கீறல். கேட்டா ரோலரா என்று ஊகிக்க வேண்டாம். கீறலில்லாத பழைய பிலிமை மாட்டிச் சில அடி ஓட்டி நிறுத்துங்கள். பிலிமைக் கழற்றாமல் அந்தந்த ரோலருக்கு நேரே மார்க்கர் பேனாவால் குறியிடுங்கள். பிறகு கழற்றி, கீறல் எந்தக் குறியில் தொடங்குகிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடத்து ரோலரை விரலால் சுற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அது சுற்றாமல் இறுகிப்போயிருக்கும்.