பூட்டிய வீட்டுத் துப்பாக்கி: இரட்டைக் குழல் எங்கே கெடுகிறது, எப்படிப் பார்த்துக்கொள்வது

செட்டிநாட்டு வீடுகளில் ஐயா காலத்திலிருந்து லைசென்ஸோடு நிற்கும் துப்பாக்கி என்றால் அது அநேகமாக 12 போர் (குழல் அகலத்தின் அளவு) இரட்டைக் குழல்தான். வீடு பூட்டிக் கிடக்கும், சொந்தக்காரர் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார், துப்பாக்கி பெட்டக அறையில் உறைக்குள் தூங்கும். ஆயுத பூஜைக்கு ஒருநாள் வெளியே வரும். தோட்டத்துக் காவலுக்கு வைத்திருப்பவர்கள் கையிலும் வருஷத்துக்கு நாலைந்து தோட்டாவுக்கு மேல் போவதில்லை. இப்படிக் கிடக்கும் துப்பாக்கிதான் வேண்டிய நேரத்தில் ஏமாற்றும். தினம் சுடுகிற துப்பாக்கியில் கோளாறு உடனே தெரிந்துவிடும், இதில் தெரியாது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை கிடையாது. லைசென்ஸ் கையில் இருக்கிறது என்பதற்காகப் பன்றியையோ மானையோ சுட முடியாது. பன்றி பயிரை அழித்தால் வனத்துறையிடம்தான் போக வேண்டும். சைலன்சர் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டம் 2ஆம் பிரிவில், சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைக்கும் துணைக்கருவியையே ‘துப்பாக்கி’ என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. வாங்குவது, செய்து பார்ப்பது, கடைக்காரரிடம் கேட்பது எதுவும் வேண்டாம். அனுமதி உள்ள நாடுகளில் ரைஃபிள் வேட்டைக்காரர்களுக்கும் அது தலைவலி தருவதுதான். மரை தளர்ந்து கோணினால் குண்டு உள்தட்டில் உரசும். சுட்ட பிறகு கழற்றாமல் வைத்தால் உள்ளே தேங்கிய ஈரம் குழல் வாயைத் துருவாக்கும். காதுதான் கவலை என்றால், 12 போர் வெடி 150 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் ஒரே ஒரு வெடிகூடக் காதைக் கெடுக்கலாம். காதுக்குள் ஸ்பாஞ்ச் அடைப்பான், அதன்மேல் காது உறை, இரண்டும் சேர்த்துப் போட்டால் போதும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப்பட்டியும் கொள்ளுகுடிப்பட்டியும் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத ஊர்கள். அந்தப் பக்கம் தோட்டம் இருந்தால் காட்டில் சுடுவது என்ற பேச்சே வேண்டாம்.

பல வருஷம் கிடந்ததை எடுக்கும்போது

துப்பாக்கியை வாய் கீழ்நோக்கி, ஆளில்லாத பக்கம் பிடித்து லீவரைத் தள்ளித் திறக்கவும். இரண்டு அறையிலும் தோட்டா இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும், சுண்டுவிரலை விட்டும் பார்க்கவும். “அப்பச்சி வெறுமையாத்தான் வச்சாக” என்பதெல்லாம் கணக்கில் வராது.

அடுத்து குழலைக் கழற்றி, வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே நோக்கவும். பூட்டிய வீட்டில் குளவிக்கு எந்தத் துளையும் வீடுதான். முகப்புத் தூணின் சந்து, பூட்டின் சாவித் துளை மாதிரி குழல் வாயிலும் மண் கூடு கட்டிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, சிமென்ட் மாதிரி இறுகிய மண், அதற்குள் காய்ந்த சிலந்தி. இதைப் பார்க்காமல் சுட்டால் அடைப்புக்குப் பின்னால் அழுத்தம் எகிறி, குழல் அந்த இடத்தில் மோதிரம் போட்டது போல் வீங்கும், அல்லது பிளக்கும். கூடு இருந்தால் தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டாம். மரக்குச்சியால் உடைத்துத் தட்டிக் கொட்டிவிட்டு, பிரஷ் போடவும்.

வீக்கம் ஏற்கனவே இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை. ஜன்னல் சட்டத்தின் நேர்கோடு குழலுக்குள் நிழலாக விழும்படி பிடித்து, குழலை மெல்லச் சுழற்றவும். நிழல் கோடு ஓரிடத்தில் வளைந்தாலோ கறுப்பு வளையம் தெரிந்தாலோ அங்கே பள்ளமோ வீக்கமோ உண்டு. அந்தக் குழலில் மேற்கொண்டு சுடக் கூடாது, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் பார்க்கட்டும்.

பூட்டு இறுக்கம்: முன்கட்டையை (குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் மரம்) கழற்றிவிட்டு குழலை மட்டும் மாட்டி மூடவும். கட்டையின் (தோளில் வைக்கும் மரம்) கழுத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஆட்டவும். கடகடவென்று ஆடினால் கீல் முளை தேய்ந்துவிட்டது. முன்கட்டை மாட்டியிருந்தால் அதன் ஸ்பிரிங் இந்த ஆட்டத்தை மறைத்துவிடும். விற்பவர்கள் முன்கட்டையோடுதான் ஆட்டிக் காட்டுவார்கள்.

இனி எழுத்துக்கள். குழலின் அடிப்பக்கத் தட்டில் பொறித்திருக்கும். பழைய சீமைத் துப்பாக்கிகளில் தோட்டா அறை 2½ அங்குலம், 65 மில்லிமீட்டர் என்று குறிப்பது. இப்போது கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். இதில் சிக்கல் என்னவென்றால், 70 தோட்டா 65 அறையில் தாராளமாகப் போய் உட்காரும், மூடியும் கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னால் குழல் குறுகும் இடத்தில் முட்டி அழுத்தம் ஏறும். ஆகவே ‘உள்ளே போகிறதே’ என்பது சோதனை இல்லை. தட்டில் நைட்ரோ புரூஃப் முத்திரை (இன்றைய புகையில்லா மருந்தைத் தாங்கும் என்று சோதித்த அடையாளம்) இருக்கிறதா என்றும் பார்க்கவும். குழலின் மேல் பாம்புத் தோல் போல வரிவரியாக ஓடினால் அது டமாஸ்கஸ் குழலாக (இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்துச் செய்தது) இருக்கலாம். பழைய கறுப்பு வெடிமருந்துக்காகச் செய்தது. இன்றைய தோட்டாவைப் போடாமல் சுவரில் மாட்டிவிடலாம், அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

எண்ணெய்

கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பம் என்பது எங்கள் கருத்து. வீட்டில் இருக்கிற எண்ணெயைத் தடவுவது பழக்கம். நல்லெண்ணெய் காற்றுப் பட்டால் பிசின் மாதிரி இறுகும். விளக்கெண்ணெய் கெட்டி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் குளியலறைப் பாட்டிலில் உறைவது துப்பாக்கிக்குள்ளும் உறையும். ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டும் ஊசி) துளையில் அது கட்டியானால் அந்த ஊசி மெதுவாகப் போய்த் தோட்டாவின் கேப்பை (அடியின் நடுவில், தட்டினால் பற்றும் மூடி) தடவிக்கொடுத்துவிட்டு நிற்கும். வெடிக்காது. வெயில் ஏறியதும் அதே துப்பாக்கி சரியாகச் சுடும், ஆளைக் குழப்பும்.

தையல் மெஷின் எண்ணெய் போதும். கடையில் துப்பாக்கி எண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய பிசினை எடுக்க: குழலைக் கழற்றி, ஆக்‌ஷன் முகம் (குழல் வந்து மூடும் தட்டு) மேலே பார்க்கும்படி பிடித்து, ஃபயரிங் பின் துளை இரண்டிலும் நாலைந்து சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் பத்து நிமிஷம் வைக்கவும். பிறகு குழலை மாட்டி, டம்மி தோட்டா (மருந்தில்லாத போலி) போட்டுப் பத்துத் தடவை ட்ரிக்கரை இழுக்கவும். பழுப்பாகக் கசியும், துடைக்கவும். மறுபடி செய்யவும். மண்ணெண்ணெயை அப்படியே விட்டுவிடாமல் உலர்ந்த துணியால் துடைத்து, ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். டம்மி இல்லாமல் வெறுமையாக இழுத்தால் ஃபயரிங் பின் முனை உடையும். பக்கத் தட்டின் ஸ்குரூவைத் திறக்காதீர்கள். பழைய துப்பாக்கியின் ஸ்குரூப் பள்ளம் மெல்லியது, நம் வீட்டு ஸ்குரூ டிரைவர் அதைக் கடித்துக் குதறிவிடும்.

துரு நீக்கும் ஸ்ப்ரேயை மட்டும் நம்ப வேண்டாம். அது பறந்துபோகும், மாதக் கணக்கில் காக்காது. தோட்டாவின் கேப்பில் ஊறினால் கேப் செத்துவிடும்.

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்கும் பொட்டு வைக்காமல் இருக்கப்போவதில்லை. ஆனால் ஈரச் சந்தனத்தைக் குழலில் வைத்து, மேலே குங்குமம் அப்பி, அப்படியே உறைக்குள் போட்டால் அடுத்த வருஷம் பொட்டு இருந்த இடத்தில் வட்டமாகத் துரு இருக்கும். விரலால் தடவினால் ஓரத்தில் மேடும் நடுவில் பள்ளமும் தட்டுப்படும். பூஜை முடிந்த கையோடு ஐப்பசி மழை வேறு வந்துவிடுகிறது. பொட்டைக் கட்டையில் வையுங்கள், அல்லது பெட்டியின் மூடியில். அன்று மாலையே துடைத்துவிடுங்கள்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கையோடு குழலையும் தேய்ப்பவர்கள் உண்டு. புளியின் அமிலம் குழலின் நீலப் பூச்சைத் தின்றுவிடும், பளபளப்பாகத் தெரிவது வெறும் இரும்பு. லேசான துருவுக்கு 0000 நம்பர் ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து மெல்லத் தேய்த்தால் பூச்சு போகாமல் துரு மட்டும் வரும். உப்புத்தாள் கூடவே கூடாது.

தோட்டா

காகித உறைத் தோட்டா வைத்திருந்தால் ஈரத்தில் ஊதியிருக்கும், அறைக்குள் போகாது. தட்டித் திணிக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறையிலும் பித்தளை அடியில் பச்சைக் களிம்பு இருந்தால் ஒதுக்கிவிடவும். தோல் பெல்ட்டில் சொருகி வைப்பது பார்க்க அழகு, ஆனால் தோலைப் பதனிட்ட அமிலம்தான் அந்தக் களிம்புக்குக் காரணம். வெளியே போகும்போது மட்டும் பெல்ட், மற்ற நேரம் அட்டைப் பெட்டி. பெட்டியில் வாங்கிய மாதத்தை எழுதி வையுங்கள். 20 போர் தோட்டா ஒன்றுகூட அந்தப் பெட்டியில் கலக்கக் கூடாது. 12 போர் அறையில் அது வழுக்கிப் போய் முன்னால் சிக்கும், பார்வைக்கு அறை வெறுமை போல இருக்கும். பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் கிழியும்.

இழுத்தும் வெடிக்கவில்லையா? வாயைத் திருப்பாமல் அப்படியே ஒரு நிமிஷம் பிடிக்கவும். தாமதமாக வெடிப்பது உண்டு. பிறகு திறந்து கேப்பைப் பார்க்கவும்.

கேப்பில் ஆழமான நடுக்குழி இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டா பழுது. குழி மேலோட்டமாக இருந்தால் பிசின் அல்லது ஸ்பிரிங் தளர்வு. குழி ஓரமாக இருந்தால் கீல் ஆட்டம். கேப் ஓட்டையாகி ஓரம் கருகியிருந்தால் ஃபயரிங் பின் முனை கூராக உடைந்திருக்கும். இரண்டு குழலின் கேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் நோய் என்று சுலபமாகத் தெரியும். இந்தச் சுட்ட தோட்டாக்களை எறியாமல் மெக்கானிக்கிடம் எடுத்துப் போங்கள், வாயால் சொல்வதைவிட அவருக்கு அதுதான் பேசும்.

வெடி ‘டம்’ என்று வராமல் ‘புஸ்’ என்று வந்தால் அடுத்த தோட்டா போடாதீர்கள். திறந்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். உள்ளே தோட்டாவின் அடைப்பான் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருப்பது) தங்கியிருக்கலாம்.

துடைப்பதும் வைப்பதும்

சுட்ட அன்றே துடைக்க வேண்டும். மூன்று துண்டுக் கம்பி, 12 போர் பித்தளை பிரஷ், 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய பழைய வேட்டித் துண்டு பத்து. எப்போதும் அறைப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கம். பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டுப் பத்து முறை. அறையை ஒட்டிய குறுகலிலும் வாயருகே குழல் ஒடுங்கும் சோக்கிலும் ஈயமும் பிளாஸ்டிக்கும் ஒட்டும், அங்கே கூடுதலாக நாலு முறை. துணி வெள்ளையாக வரும்வரை மாற்றவும். கடைசித் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். கைரேகை வியர்வையில் உப்பு இருப்பதால் வெளிப்பக்கத்தையும் துடைத்துவிட்டுத் துணியோடு பிடிக்கவும்.

முதல் நாள் இரவு வாய் கீழாக நிறுத்தவும். மேலாக நிறுத்தினால் எண்ணெய் வடிந்து கட்டையின் தலையில் ஊறும். பத்து இருபது வருஷத்தில் அந்த மரம் கறுத்து மெத்தென்று ஆகி விரிசல் விடும். ஐயா காலத்துத் துப்பாக்கிகளில் கட்டை உடைவது அங்கேதான்.

கான்வாஸ் உறையும் தோல் உறையும் பயணத்துக்கு மட்டும். ஈரத்தைக் குடித்துக் குழலோடு ஒட்டி வைக்கும். எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, சுவரைத் தொடாமல் இரும்பு பீரோவில் பூட்டவும். தோட்டா வேறு பீரோவில். உள்ளே அரைக் கிலோ ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், துணிப் பையில். பச்சையானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். நீல நிறம் வாங்காதீர்கள், அதில் கோபால்ட் இருக்கிறது, சமையல் பாத்திரத்துக்கு ஆகாது. புரட்டாசி முதல் மார்கழி வரை மாதம் ஒருமுறை, மற்ற மாதங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைக்க வேண்டும்.

வெளியூரில் இருப்பவர்கள் வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து “நீயே தொடச்சு வை” என்று சொல்லக் கூடாது, அவர் கையில் இருப்பது குற்றம். பழுதுக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ வேறொருவர் எடுத்துப் போக, லைசென்ஸ்தாரரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பழுது பார்ப்பவருக்கும் அதற்கான லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் ஐந்து வருஷம், ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். லைசென்ஸ்தாரர் காலமானாலோ தேதி முடிந்தாலோ தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும்.

தேர்தலுக்கு ஒப்படைக்கச் சொல்லும்போது வழக்கத்தைவிடக் கனமாக எண்ணெய் பூசிக் கொடுங்கள். அங்கே யாரும் துடைக்கப்போவதில்லை. குழல், ஆக்‌ஷன், முன்கட்டை மூன்றிலும் உள்ள நம்பரைப் படம் எடுத்து, ரசீதில் அதே நம்பர் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். திரும்ப வாங்கி வந்ததும் முதல் வேலை குழலுக்குள் வெளிச்சம் பார்ப்பது. குளவி அங்கேயும் இருக்கும்.