ஒரு தோளில் டபுள் பாஸ், மறு கையில் ஆம்ப்

ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வாங்கப் போகும் டபுள் பாஸ் (நின்று வாசிக்கும், ஆளுயர வயலின் போன்ற வாத்தியம்) கலைஞர்கள் என்னிடம் யோசனை கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இது: வீட்டு வாசலிலிருந்து டாக்சி வரை எத்தனை எட்டு? எத்தனை வாட் என்பதெல்லாம் பிறகு. சிங்கப்பூரின் தோ பாயோவில் என் புளோக்கிலிருந்து டாக்சி வந்து நிற்கும் இடம் ஏறக்குறைய 200 எட்டு. அதில் ஒன்பது படிகளும் உண்டு. இருபது ஆண்டுகளாகத் திருமண வரவேற்புகளிலும் உணவகங்களிலும் வாசித்துவருகிறேன். வாசித்த களைப்பைவிட அந்த 200 எட்டின் களைப்பே என் தோளில் அதிகம் தங்கியிருக்கிறது.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டைக் கெட்டியான துணிப்பையில் போட்டு ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸை உறையோடு மறு தோளில் மாட்டுங்கள். மின்தூக்கியில் இறங்கி, கீழ்த்தளத்தைக் கடந்து, டாக்சி நிற்கும் இடம்வரை போய்த் திரும்புங்கள். வழியில் பையை எத்தனை முறை கீழே வைத்தீர்கள் என்று எண்ணுங்கள். ஒருமுறைகூட வைக்கவில்லை என்றால் பத்துக் கிலோ ஆம்ப் உங்களுக்குச் சரி. இரண்டுமுறை வைத்திருந்தால் ஏழு கிலோவுக்குள் தேடுங்கள். நள்ளிரவில் வீடு திரும்பும்போது அதே பை இன்னும் கனக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாஸுக்கும் ஆம்புக்கும் உள்ள உறவு பழையது. எவரெட் ஹல் என்ற அமெரிக்க பாஸ் கலைஞர் 1940களில் வாத்தியம் தரையில் ஊன்றி நிற்கும் அடிக்கம்பி வழியாக உள்ளே ஒலிவாங்கியைப் பொருத்தும் வழியைக் கண்டுபிடித்தார். அந்தக் கம்பிக்கு ஆங்கிலத்தில் 'பெக்' என்று பெயர். ஆம்ப்பெக் நிறுவனத்தின் பெயர் அங்கிருந்துதான் வந்தது. அதே நிறுவனம் 1969இல் கொண்டுவந்த 300 வாட் எஸ்விடி ஆம்பின் தலைப்பகுதி மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ. ஸ்பீக்கர் பெட்டி தனி. இன்று அதே 300 வாட்டை ஒரு கனத்த புத்தகத்தின் அளவில் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். 'கிளாஸ் டி' என்ற மின்சுற்று முறை மின்சாரத்தைச் சூடாக வீணடிப்பது மிகக் குறைவு. ஆகவே பெரிய வெப்பத்தகடு தேவையில்லாமல் போயிற்று. ஸ்பீக்கரின் காந்தமும் ஃபெர்ரைட்டிலிருந்து நியோடிமியத்துக்கு மாறிக் கனத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. விவரத் தாளில் இந்த இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. தவிர, பெரிய மண்டபத்தில் ஒலி அமைப்பாளர் உங்கள் ஆம்பின் பின்புறத்தில் இருக்கும் டிஐ என்ற நேரடி இணைப்பிலிருந்து தம் கலவைப் பலகைக்கு ஒலியை எடுத்துக்கொள்வார். சபைக்குப் போவது அவருடைய ஸ்பீக்கர் வழியாக. உங்கள் பெட்டி உங்களுக்கும் பக்கத்தில் இருக்கும் டிரம்ஸ் கலைஞருக்கும் கேட்டால் போதும். டிஐ இல்லாத ஆம்பை, எவ்வளவு இலேசாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்றால், குதிரைக்கும் (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) ஆம்புக்கும் நடுவில். அங்கேதான் பெரும்பாலானோர் சிக்கனம் பார்க்கிறார்கள்.

டபுள் பாஸின் குதிரையில் பொருத்தும், அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் பெரும்பாலும் பீசோ வகை. அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றும் சிறு வில்லை அது. அதிலிருந்து வரும் மின்சாரம் மிக மெல்லியது. அதை வாங்கிக்கொள்ளும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு (மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, ஓம் கணக்கில்) குறைவாக இருந்தால், கீழ்ச்சுரங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். உடல் இல்லாத, தகரத்தைத் தட்டுவது போன்ற ஒலிதான் மிஞ்சும். பலர் இதற்கு ஆம்பைக் குறை சொல்லி, இன்னும் பெரிய ஆம்ப் வாங்குகிறார்கள். சாதாரண கிட்டார் உள்ளீடு 1 மெகா ஓம். சில பீசோக்களுக்கு அது போதாது. எல்ஆர் பேக்ஸ் பாரா டிஐ, ரேடியல் பிஇசட்-ப்ரீ போன்ற, ஆம்புக்கு முன்னால் இணைக்கும் ப்ரீஆம்புகள் 10 மெகா ஓம் தருகின்றன. என் பாரா டிஐயை முதன்முதலாக இணைத்த அன்று, நான்காம் கம்பியின் ஈ சுரம் அறையின் சுவரில் இருந்து எழுவதுபோலக் கேட்டது. அதே வாத்தியம், அதே பழைய ஆம்ப். அன்றைக்கு வீட்டில் இரவு உணவு ஆறிப்போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

ப்ரீஆம்பிலோ ஆம்பிலோ மூன்று குமிழ்கள் இருந்தே ஆக வேண்டும். ஒன்று, ஆழ்ஒலியை வெட்டும் வடிகட்டி. 'லோ கட்' என்றோ 'ஹை பாஸ்' (high pass) என்றோ எழுதியிருக்கும். இரண்டு, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் மாற்றி. மூன்று, ஊளையிடும் ஒரே சுரத்தை மட்டும் குறுகலாக வெட்டும் நாட்ச். மூன்றும் ஒரே கருவியில் கிடைக்காவிட்டால் இரண்டுக்கும் பகிர்ந்து இருக்கட்டும்.

இவை எதற்கு என்பதை ஒரு திருமண வரவேற்பில் கற்றுக்கொண்டேன். மண்டபத்தின் பெயர் வேண்டாம். மரப்பலகை மேடை, உள்ளே வெற்றிடம். 22 கிலோ ஆம்பை அப்படியே பலகைமேல் வைத்தேன். மணமகளின் தாத்தா ஒலிவாங்கியைக் கையில் எடுத்த நேரம். நான் வாசிக்கவே இல்லை. கம்பிமேல் கை வைத்தபடி நின்றிருந்தேன். கையைச் சற்றுத் தளர்த்தியதும் மூன்றாம் கம்பி தானாக அதிர ஆரம்பித்தது. ஆம்ப் அதைப் பெருக்கியது, மேடை அதை வாங்கியது, மேடையிலிருந்து அடிக்கம்பி வழியாக வாத்தியத்துக்குத் திரும்பியது. ஒரு நொடியில் மண்டபம் முழுவதும் ஒரே ஊளை. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பெரியவர் பேச வந்ததை மறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஒலி அமைப்பாளர் ஓடிவந்து ஆம்பை அணைத்தார். "அண்ணே, முதலில் இதை நாற்காலி மேல் ஏற்றுங்கள். அப்புறம் அடியை வெட்டுங்கள்" என்றார். இருவருமாகத் தூக்கி ஏற்றினோம். அடியை வெட்ட அந்த ஆம்பில் குமிழே இல்லை. பாஸ் குமிழை முழுவதுமாகக் குறைத்து மீதி நிகழ்ச்சியை ஒப்பேற்றினேன்.

இப்போது நான் பின்பற்றும் முறை இதுதான். ஆம்பை நாற்காலியிலோ மடக்கு நிலைப்பாட்டிலோ காதை நோக்கிச் சாய்த்து, என் பக்கவாட்டில் வைப்பேன். வாத்தியத்தின் முகத்துளைகளுக்கு நேராக ஒருபோதும் வைக்க மாட்டேன். எல்லாக் குமிழ்களையும் நடுவில் நிறுத்தி, தேவைக்கும் சற்று மேலாகவே ஒலியைக் கூட்டுவேன். கம்பிகளைக் கையால் தொடாமல் நின்று, எது முனகுகிறது என்று கேட்பேன். அநேகமாக 55 ஹெர்ட்ஸ் ஏ சுரத்துக்கும் 73 ஹெர்ட்ஸ் டி சுரத்துக்கும் நடுவில் ஏதாவது ஒன்று முனகும். ஃபேஸை மாற்றிப் பார்ப்பேன். பாதி நாட்களில் அதுவே போதும். போதாவிட்டால் ஆழ்ஒலி வடிகட்டியை 40 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலே நகர்த்துவேன். ஈ சுரத்தின் அடிப்படை 41 ஹெர்ட்ஸ்தான். வடிகட்டியை 60க்கு மேலே கொண்டுபோனால் அந்தச் சுரம் போய்விடுமே என்று பயம் வரும். போகாது, மேல் அதிர்வுகளிலிருந்து காது அதைத் தானாக நிரப்பிக்கொள்ளும். நாட்சைக் கடைசியாகத்தான் தொடுவேன்.

மாதிரிகளைப் பற்றிச் சொல்வதானால், நான் சுமந்து பார்த்தவை மூன்று. ஃபில் ஜோன்ஸ் டபுள் ஃபோர் ஏழு கிலோவுக்குள். நான்கு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, 75 வாட். தேக்காவில் ஒரு சிறிய உணவகத்தில் கீபோர்டோடும் பாடகரோடும் வாசிக்க இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை. டிரம்ஸ் சேர்ந்தால் மூச்சு வாங்கும். ஏஇஆர் காம்பாக்ட் 60 ஏறக்குறைய அதே கனம். கிட்டாருக்காக உருவானது, மரத்தின் நிறத்தை அப்படியே தரும், வில்லால் வாசிக்கும்போது மிக அழகு. ஆனால் ஆழ்சுரங்களைப் பலமாக அடித்தால் தாங்காது. கேலியன்-குரூகர் (ஜிகே) எம்பி112 ஏறத்தாழ 14 கிலோ, 200 வாட், 12 அங்குல ஸ்பீக்கர். முழு இசைக்குழுவோடு திறந்தவெளியில் வாசிக்கும் நாளுக்கு அதையே எடுப்பேன், தள்ளுவண்டியோடு. மாதத்தில் எத்தனை நாள் அப்படி வாசிக்கிறீர்கள் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். எனக்கு ஒன்றோ இரண்டோ.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் பின்புறத் தகட்டைப் படியுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த ஆம்பை இங்கே செருகினால் அதோடு தீர்ந்தது. நம் ஊர்க் காற்றின் ஈரமும் கவனிக்க வேண்டியது. குளிரூட்டிய அறையில் நெடுநேரம் இருந்த ஆம்பை வெளி மேடைக்குக் கொண்டுபோனதும் அதன்மேல் பனிபோல நீர் படியும். இருபது நிமிடமாவது அப்படியே விட்டு, துடைத்து, பிறகு இயக்குங்கள்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் போன்ற இடங்களில் கடைகள் சிறியவை. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, கூட்டமில்லாத வார நாள் மதியத்தில், உங்கள் பாஸோடும் ப்ரீஆம்போடும் போங்கள். கடைக்காரர் மின் பாஸ் கிட்டாரில் வாசித்துக் காட்டுவது உங்கள் வாத்தியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. திறந்த ஏ கம்பியை மேடையில் வாசிக்கும் அளவு சத்தத்தில் ஐந்து நிமிடம் வாசியுங்கள். பெட்டியின் மூலைகள் கடகடக்கின்றனவா என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு ஆம்பைத் தூக்கிக்கொண்டு கடை வாசலிலிருந்து நகரமண்டப எம்ஆர்டி நிலையம்வரை ஒரு நடை போய்வரக் கேளுங்கள். கடையில் ஒருவரைக் கூடவே அனுப்பச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

நிகழ்ச்சிக்குப் போகும்போது பைக்குள் இவை இருக்கட்டும்: இரண்டு கம்பிவடங்கள், ஒரு நீட்டிப்பு வயர், ஆம்பின் மின்வயர், முகத்துளைகளை அடைக்க இரண்டு பஞ்சுத் துண்டுகள், மூன்று முள் பிளக்குக்கு ஒரு மாற்று ஃபியூஸ், ப்ரீஆம்புக்குப் புதிய 9 வோல்ட் பாட்டரி ஒன்று. பாட்டரியை உறை பிரிக்காமல் வைத்திருங்கள்.