ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு: தூரமும் நேரமும் கணக்குப் பார்க்கும் விதம்

ரிக்கெற்றில் போட்டிருக்கும் நேரங்கள் அந்தந்த ஊர் மணிக்கூட்டின்படி இருப்பவை. ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழித்தால் கணக்குப் பிழைக்கும். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவுக்கு உங்களை ஏற்ற வரும் வான்காரருக்குப் பிழையான நாளையும் சொல்லிவிடுவீர்கள்.

இலங்கை நேரம் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ரொறன்ரோ குளிர்காலத்தில் 5 மணித்தியாலமும் கோடையில் 4 மணித்தியாலமும் பின்னால். ஆகவே வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. லண்டன்காரருக்கு ஐந்தரை, நாலரை. பாரிஸ், சூரிச் என்றால் அதிலும் ஒன்று குறையும். ஊரில் மணிக்கூட்டை மாற்றுவதில்லை. கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், ஐரோப்பாவில் மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். அந்த நாட்களையொட்டிப் பயணமென்றால் இன்னொருமுறை பாருங்கள்.

உதாரணமாக, தைமாதம் வெள்ளி இரவு 10 மணிக்கு ரொறன்ரோவில் ஏறி, டுபாய் வழியாக ஞாயிறு காலை 8.15க்குக் கட்டுநாயக்காவில் இறங்குகிறீர்கள். மணிக்கூட்டின்படி 34 மணித்தியாலம் 15 நிமிடம். பத்தரையைக் கழித்தால் 23 மணி 45 நிமிடம். இதில் பறப்பது பதினாறே முக்கால். மீதி ஏழு மணித்தியாலமும் டுபாயில் கதிரையில்.

இனித் தூரம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ரொறன்ரோவையும் கொழும்பையும் கோட்டால் இணைத்தால் கோடு சகாராவுக்கு மேலால் போகும். உருண்டையில் நூலை இழுத்துப் பிடியுங்கள்: கிறீன்லாந்தில் ஏறி, நோர்வேயின் வடக்கைத் தொட்டு, ரஷ்யாவுக்கு மேலால் இறங்கும். அதுதான் குறுகிய பாதை, ஏறக்குறைய 14,000 கி.மீ. கூகிள் ஏர்த்தில் அளவுகோலை வைத்தாலும் இதே கணக்கு வரும். டுபாய் வழியாகவோ 11,080உம் 3,290உம் சேர்ந்து 14,370. சுற்றிக்கொண்டு போகிறோம் என்று அலுத்துக்கொள்கிற அந்தச் சுற்று, கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு றோட்டால் போகிற தூரம்தான்! நேரத்தைத் தின்பது தரிப்பு. ஆகவே ரிக்கெற் தேடும்போது எந்த நகரம் வழி என்பதைவிட, அங்கே எவ்வளவு நேரம் என்று பாருங்கள்.

தூரம் தெரிந்தால் நேரத்தை மட்டுக்கட்டலாம். கிலோமீற்றரை 850ஆல் பிரித்து, ஏறவும் இறங்கவும் அரை மணித்தியாலம் கூட்டுங்கள். லண்டன்–கொழும்பு 8,700 கி.மீ.; பத்தேமுக்கால் வரும், நேரடி விமானமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்குப் பன்னிரண்டரை என்றால், திரும்பி வர பதினாலும் எடுக்கலாம். திரும்பி வந்த அடுத்தநாளே வேலைக்குப் போகிறமாதிரி லீவு போடாதீர்கள்.

கட்டுநாயக்காவோடு கணக்கு முடிவதில்லை. புத்தளம், அனுராதபுரம், வவுனியா தாண்டி யாழ்ப்பாணம் போக வானுக்கு ஏழெட்டு மணித்தியாலம் வேண்டும். இன்னொரு வழி சென்னை: அங்கிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி 356 கி.மீ.தான், சின்ன விமானம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே எடுக்கும். தனித்தனி ரிக்கெற் என்றால் சென்னையில் குடிவரவைத் தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இந்திய விசா தேவை. பெரிய விமானத்துக்குக் கட்டிய பெட்டியின் நிறையைச் சின்ன விமானத்தில் விடுவார்களா என்பதையும் ரிக்கெற் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.